அந்த ஒற்றை எண்ணை நீங்கள் கேட்கவே இல்லை: இரு பெரிய கட்சிகளின் குமரி மாவட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர்களுக்கும், ஒன்றிய, நகர, பேரூர், கிளைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தை தி.மு.க., அ.தி.மு.க. என்ற இரண்டு கட்சி அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் தபாலில் சேர்த்திருக்கிறேன். உறையின் மேல் உள்ள முகவரிதான் வேறு. உள்ளே ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில் குடியிருப்பவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஆண்டுகளில் வந்த தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். கடைசி நான்கைந்து தேர்தல்களில் தலைமை அலுவலராக.

போன வாரம் உங்கள் இரு கட்சியைச் சேர்ந்தவர்களும் இரண்டு நாள் இடைவெளியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். இரண்டு பேரும் எனக்குப் பிள்ளைகள் மாதிரி. ஒருவர் என் வகுப்பில் படித்தவரே. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வருகிறது, வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது என்று சொன்னார்கள். அப்புறம் இரண்டு பேரும் சொல்லி வைத்ததுபோல ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "சனங்களுக்கு ஓட்டுப்போடுறதுல இப்போ அக்கறையே இல்ல டீச்சர். நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அந்த நாலு வார்த்தையை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

எண்ணிக்கை குறைவது உண்மைதான். மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 2014-இல் 73.74 சதவீதம், 2019-இல் 72.47, 2024-இல் 69.72. எங்கள் கன்னியாகுமரித் தொகுதி அதற்கும் கீழே, 65 சதவீதத்தை ஒட்டி நின்றது. படிப்பறிவில் மாநிலத்திலேயே முன்னால் நிற்கும் மாவட்டம் என்று மேடையில் நம்மைப் புகழ்வீர்கள். அந்த மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் அன்று சாவடிப் பக்கம் வரவில்லை. இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் "அக்கறையின்மை". அந்தப் பெயரை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2016 மே 16. சட்டமன்றத் தேர்தல். எனக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கம், வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் பணி. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, வரிசை கரைந்து, சாவடி அமைதியாகிவிட்டிருந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வந்தான். அடையாள அட்டை சரி. 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். விரலில் மை வைத்தாயிற்று. சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போக வேண்டியவன் நேராக என் மேசைக்கு வந்து நின்றான்.

"டீச்சர், எனக்கு ஓட்டுப்போட மனசில்ல. அப்படியே எழுதிக்கிடுங்க."

நோட்டா இருக்கிறதே தம்பி என்றேன். "அதுவும் ஒரு பொத்தான்தானே. நான் பொத்தானே அழுத்தல" என்றான். குரலில் கோபமோ வம்போ இல்லை. ஆஸ்பத்திரியில் முடிவைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பேசுவார்களே, அந்த மாதிரிக் குரல்.

விதி 49-ஓ. நோட்டா வந்த பிறகும் அந்த விதி இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு ஒருவர் வாக்களிக்க விரும்பவில்லை என்றால், அவர் பெயருக்கு எதிரே தலைமை அலுவலர் அதைக் குறித்து அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் பணிக்காலத்திலேயே நான் அதைச் செய்தது அந்த ஒரு முறைதான். "வாக்களிக்க மறுத்தார்" என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டான். திருத்தமான கையெழுத்து.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தை நிரப்ப வேண்டும். பதிவான வாக்குகளின் கணக்கு அது. உங்கள் முகவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு வரி இருக்கிறது: விதி 49-ஓ-வின்படி வாக்களிக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்களின் எண்ணிக்கை. எப்போதும் "இல்லை" என்று எழுதிப் பழகிய கை, அன்று "1" என்று எழுதியது. படிவத்தின் நகலை முகவர்களுக்குக் கொடுத்தேன். இரு பெரிய கட்சிகளின் முகவர்களும் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தார்கள், தங்கள் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள், நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். "இந்த ஒண்ணு என்ன டீச்சர்?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பது ஆண்டாக அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. ஆனால் அது உண்மை.

இயந்திரத்தை எடுத்துப்போக வண்டி வர அன்று இரவு பத்து மணி தாண்டிவிட்டது. சாவடிக்காரர்களுக்குக் கடையிலிருந்து கட்டன் சாயா வாங்கிக்கொண்டு வந்தவர்களில் அந்தப் பையனும் இருந்தான். அப்போதுதான் சொன்னான். "எங்க குளத்துக்குத் தண்ணி வர்ற ஓடையத் தூர்வாரணும்னு மூணு வருசமா அலையுறேன் டீச்சர். இவங்கட்ட போனா, ஆட்சி நம்மட்ட இல்லியே தம்பிங்கிறாவ. அவங்கட்ட போனா, எலக்‌ஷன் முடியட்டும் பாக்கலாம்ங்கிறாவ. நான் யாருக்குப் போட?" பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் கதை தெரிந்தவர்களுக்கு, ஓர் ஓடையில் மண் மூடினால் எத்தனை ஏக்கர் தரிசாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஆண்டு மனுவோடு அலைந்தவன் அவன். அவனையா அக்கறை இல்லாதவன் என்கிறீர்கள்?

இந்த மண்ணின் சனங்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று யார் சொன்னாலும் எனக்குத் தாங்காது. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை என்ற நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சும்மா வந்து தமிழ்நாட்டோடு ஒட்டிக்கொள்ளவில்லை. மார்ஷல் நேசமணியும் அவரோடு நின்றவர்களும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று தனிக் கட்சியாகவே நின்று, 1954 தேர்தலில் 12 பேரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது இதே சனங்கள்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. என் அப்பா அன்று புதுக்கடைச் சந்தைக்குப் போயிருந்தார். அந்தச் சத்தத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் ஓட்டுப் போடாமல் ஒரு தேர்தலையும் விட்டதில்லை.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நடந்த ஒன்றை உங்கள் இருவருக்கும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சியில் இருந்தது பிரஜா சோசலிஸ்ட் கட்சி. முதல்வர் பட்டம் தாணு பிள்ளை. அந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவர் அப்போது வடக்கே சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே, மக்களைச் சுட்ட அரசு பதவியில் இருக்கக் கூடாது என்று தன் சொந்தக் கட்சி முதல்வரையே பதவி விலகச் சொன்னார். முதல்வர் விலகவில்லை. லோகியா தன் பொதுச்செயலாளர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அந்த அரசும் கவிழ்ந்தது.

பெயர் தெரியாத நம் ஊர்க்காரர்களுக்காக, எங்கோ வடநாட்டுச் சிறையில் இருந்த ஒருவர் தன் கட்சியையே எதிர்த்துப் பேசினார். கடந்த இருபது ஆண்டில் உங்களில் யாராவது ஒருவர், இந்த மாவட்டத்துக்காக, உங்கள் தலைமையிடம் ஒரு "வேண்டாம்" சொல்லியிருக்கிறீர்களா? மலையை உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? எதிர்க்கட்சியாக இருக்கும்போது சாலையில் உட்காருகிறீர்கள், அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆட்சி மாறியதும் அதே சாலை, அதே லாரி, மறியலில் மட்டும் ஆள் மாறிவிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கூட்டணி பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 6. என் கடைசித் தேர்தல் பணி, விளவங்கோடு தொகுதியில். சட்டமன்றத் தேர்தலோடு மக்களவை இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் இரண்டு இயந்திரம். தமிழ்நாட்டை 1967 முதல் மாறி மாறி ஆளும் இரு கழகங்களின் சின்னமும் அன்று அந்தத் தொகுதியில் இரண்டு இயந்திரத்திலும் இல்லை. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் இரண்டு பக்கமும் டெல்லிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தீர்கள். எண்பது வயதைத் தொட்ட ஓர் அம்மா மறைப்புக்குப் பின்னால் நின்று வெகு நேரம் தேடிவிட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, "நான் போடுத சின்னத்தக் காணல்லியே மோளே" என்றார்கள். என்ன சின்னம் என்று அவரும் சொல்லக்கூடாது, நானும் கேட்கக்கூடாது. "இருக்கிறதுல பாத்துப் போடுங்க அம்மா" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் எதையோ அழுத்தினார். சத்தம் வந்தது. "இது எனக்க ஓட்டு இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கூட்டணி என்றால் இடங்களைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும், சரி. ஆனால் எந்த இடத்தை, ஏன், யாரைக் கேட்டு என்று தொகுதியில் ஒரு தொண்டனுக்காவது சொன்னீர்களா? சென்னையில் ஓட்டல் அறையில் பேசி முடித்து, இரவு பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியில் பட்டியல் ஓடும்போதுதான் இங்கே கிளைச் செயலாளருக்கே தெரிகிறது. அதே விளவங்கோட்டில், அன்று வென்றவர் மூன்றாண்டு கழித்துக் கட்சி மாறிப் பதவி விலகினார். 2024 ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலோடு இடைத்தேர்தல். மூன்றாண்டில் இரண்டாவது முறை அந்தத் தொகுதிச் சனங்கள் இரண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். அப்படியும் வந்து நின்றார்களே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

காசு கொடுப்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று, வாக்குக்குப் பணம் என்பதற்காகத் தேர்தலையே தள்ளிவைக்கவும் ரத்து செய்யவும் நேர்ந்த மாநிலம் நம்முடையது. கவரை நீட்டும்போதே "இத்தோட உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிடுகிறீர்கள். வாங்கியவரால் ஐந்து ஆண்டுக்கு எதையும் கேட்க முடிவதில்லை. வாங்க மனம் வராதவர் சாவடிக்கே வருவதில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எங்கள் கையில் இருந்த சின்ன வாக்கை, உள்ளாட்சி வாக்கை, இரண்டு பேருமாகச் சேர்ந்து பறித்துவிட்டீர்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு, ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அது முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பின் அ.தி.மு.க. ஆட்சியில் மூன்று ஆண்டுக்கு மேல் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஊராட்சி உறுப்பினர்கூட இல்லை. 2019 டிசம்பரில்தான் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது. நாகர்கோவில் மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் இந்த 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. இப்போது தி.மு.க. ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் மறுபடி அரசு வைத்த தனி அலுவலர்கள். அன்று "உள்ளாட்சித் தேர்தலை நடத்து" என்று கேட்டவர்கள் இன்று வார்டு வரையறைக் காரணம் சொல்கிறார்கள். அன்று காரணம் சொன்னவர்கள் இன்று "நடத்து" என்கிறார்கள். நம் மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள், 9 ஒன்றியங்கள். அத்தனையும் மறுபடி காலி.

இந்தக் காலியிடம் என்ன செய்யும் என்பதற்கு ஒக்கி சாட்சி. 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் ஒரு வார்டுக்கும் உறுப்பினர் இல்லை. உள்நாட்டில் ரப்பரும் வாழையும் முறிந்து சாலையெல்லாம் மரம். நாள்கணக்கில் கரண்ட் கிடையாது. தூத்தூர் பக்கக் கடற்கரைக் கிராமங்களில் யார் வீட்டில் யார் திரும்பவில்லை என்ற பட்டியலைத் தேவாலயப் பங்குப் பேரவைகளும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து கையால் எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணிக்கையும் அவர்கள் எழுதிய எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் சனங்கள் குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தெருவையும் தெரிந்த, கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஓர் ஆள் அந்த ஊர்களில் அன்று இருந்திருந்தால் கொஞ்சமாவது வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

2019 டிசம்பர் தேர்தலிலும் எனக்குப் பணி இருந்தது. இயந்திரம் இல்லை. நான்கு நிறத்தில் சீட்டு. வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். வேலை பிழிந்துவிட்டது. ஆனால் அந்த வரிசையில் நான் பார்த்த முகங்களை வேறு எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை. வெள்ளைச் சீட்டில் இருக்கும் ஆளை எல்லாருக்கும் தெரியும். யார் குழாயடியில் முறை பார்க்காமல் தண்ணீர் விடுவார், யார் தன் வீட்டு முன்னால் மட்டும் விளக்குப் போட்டுக்கொள்வார் என்பதெல்லாம் வரிசையிலேயே அலசப்பட்டது. நேரம் முடிந்தும் நின்றவர்களுக்கு வரிசையின் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்து, இருட்டிய பிறகும் பதிவு நடந்தது.

எங்கள் வார்டில் அன்று வென்றது என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைத்துக்கொண்டிருந்தவள். பெண்களுக்குப் பாதி இடம் என்ற ஒதுக்கீடு இல்லாவிட்டால் நின்றிருக்கவே மாட்டாள். முதல் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்று அழுதாள். ஆறு மாதத்தில் எஸ்டிமேட் படிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கே அதெல்லாம் தெரியாது. என் வீட்டு வாசலில்தான் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டினார்கள். அவள் அண்டி ஆபீசுக்குப் போகிற வழியில் நின்று, கையில் இருந்த குடைக்கம்பியைப் பள்ளத்தில் இறக்கி, மண் பட்ட இடத்தில் விரலை வைத்து வெளியே எடுத்தாள். "எஸ்டிமேட்டுல மூணடி போட்டிருக்கு அண்ணாச்சி. இது ஒண்ணரை அடிகூட வரல்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அன்று வேலை நின்றது. மறுநாள் மூன்றடி வெட்டினார்கள். அந்தக் குழாயில்தான் இன்றும் எங்களுக்குத் தண்ணீர் வருகிறது.

இந்த ஜனவரியோடு அவள் உறுப்பினர் இல்லை. எங்கள் வளைவில் தெருவிளக்கு அணைந்து மூன்று மாதம் ஆகிறது. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னால் அந்த வளைவில்தான் இறங்கிப் போக வேண்டும். அவள் போன் செய்து சொன்னாள். "நீங்க இப்போ மெம்பர் இல்லியே அக்கா" என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்த ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் எழுந்து கேட்டாள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அலுவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தலையில் எத்தனையோ ஊராட்சி. எங்கள் வளைவை அவர் பகலில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், வருகிற தேர்தலில் ஓட்டுப் போடுவாய்தானே என்று. குழாய்ப் பள்ளத்தில் குடைக்கம்பியை இறக்கியவள் சொல்கிறாள்: "பாக்கலாம் டீச்சர்."

நீங்கள் இரண்டு பேரும் என் திண்ணையில் உட்கார்ந்து அக்கறையின்மை என்று சொன்னீர்களே, அது எங்கே தொடங்குகிறது என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. குழாய் எத்தனை அடியில் போக வேண்டும் என்று கேட்கும் அதிகாரம் இருந்தவரை அவளுக்குச் சட்டமன்றமும் முக்கியமாக இருந்தது. அங்கே ஒதுக்கும் பணம்தான் தன் வார்டுக்கு வருகிறது என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். அந்தச் சின்ன இடத்தை எடுத்துவிட்ட பிறகு மேலே நடப்பதெல்லாம் அவளுக்குத் தொலைக்காட்சி மாதிரி ஆகிவிட்டது.

வராதவர்கள் எல்லாரும் கோபத்தில் வராதவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. வாக்குப்பதிவு நாளில் அவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். டிக்கெட் விலை உங்களுக்குத் தெரியும். பெங்களூரிலும் கோவையிலும் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் அப்படியே. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்காக ஒரு முறையாவது குரல் கொடுக்கட்டும். ராணுவத்தில் இருப்பவருக்கு ஒரு வழி செய்ய முடிந்த தேசத்தால் கடலில் இருப்பவருக்கும் செய்ய முடியும்.

நோட்டாவுக்குப் போடச் சொல்லி என்னிடம் வாதாடும் இளைஞர்களும் உண்டு. 2024-இல் இந்தூரில் நோட்டாவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் விழுந்தது. அதனால் அங்கே வென்றவரின் வெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதனால் அவர்களிடம் நான் நோட்டா என்று சொல்வதில்லை. உங்கள் பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தேர்தல் அறிக்கையில் ஒரு வரி வேண்டும்: நாங்கள் ஆட்சிக்கு வந்தால் ஆறு மாதத்துக்குள் ஊராட்சித் தேர்தல் நடக்கும், இனி ஒருபோதும் ஐந்து ஆண்டைத் தாண்ட விடமாட்டோம் என்று. இரண்டு பேரும் ஒரே வரியை எழுதினால் எனக்கு ஆட்சேபமே இல்லை. இந்தக் கடிதத்தையே இருவருக்கும் ஒன்றாகத்தானே எழுதியிருக்கிறேன். அந்த வரியை உங்கள் தலைமை எழுத மறுத்தால், மாவட்டச் செயலாளராக நீங்கள் அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெளியே தெரியும்படி சொல்லுங்கள். அப்படிச் சொன்னவருக்காக நான் வெயிலில் வீடு வீடாக நடக்கத் தயார். கூட்டணியில் எங்கள் தொகுதியைக் கொடுப்பதானால், கொடுப்பதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை 17சி நகலைக் கையில் வாங்கும் உங்கள் முகவர்களிடம் அந்த 49-ஓ வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒன்று இருந்தால், அந்த ஆள் யார் என்று தேடக் கூடாது. வாக்கின் ரகசியம் போலவே அதுவும் அவருடையது. ஆனால் அந்தச் சாவடிக்கு உட்பட்ட தெருக்களில் ஒரு நாள் நடந்து பாருங்கள். தூர்ந்துபோன ஓடை ஒன்று கண்ணில் படும்.

அக்டோபர் 2 அடுத்த கிராம சபை. எங்கள் ஊராட்சியில் உங்கள் இரு கட்சிக்கும் கிளைச் செயலாளர்கள் இருக்கிறார்கள். இருவரும் இந்த ஊர் வாக்காளர்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு இருவருமே வரவில்லை. காலையில் கொடியேற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த முறை அவர்களை அனுப்பி வையுங்கள். துண்டு வேண்டாம், கொடி வேண்டாம். பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டிருக்கும். அவள் தெருவிளக்கு மனுவின் நகலோடு வருவாள், நானும் வருவேன். வருகைப் பதிவேடு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும். அதில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் எழுந்து பேசும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை
தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்
2025 ஆகஸ்ட் 24